கூடுதல் பட்டை போடுமுன் எடை போடுங்கள்

மளிகைக் கடைக்கும் மண்டிக்கும் சொந்தமாக ஒரு சிறு சரக்கு வண்டி என்பது இன்று ஆடம்பரம் அல்ல. 2005-ல் டாடா ஏஸ் சந்தைக்கு வந்த பிறகு, வாடகை வண்டிக்காகக் காத்துக் கிடந்த நம்மில் பலர் 'குட்டியானை'க்குச் சொந்தக்காரர்களானோம். வண்டி வாங்கிய கையோடு பலரும் செய்கிற காரியம் ஒன்று உண்டு. நேரே கமான் பட்டறைக்கு ஓட்டிச் சென்று, "பின்னால் ரெண்டு பட்டை சேர்த்துப் போடுப்பா" என்பதுதான் அது. நானும் அப்படிச் செய்தவன்தான். அதனால் வந்த வினையைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்து கொள்ள வேண்டும். வண்டியின் பாரத்தைத் தாங்குவது பட்டை. பள்ளத்தில் இறங்கி எழுந்த பட்டை மேலும் கீழும் ஆடிக்கொண்டே இராமல் அடக்குவது ஷாக் அப்சார்பர். பட்டையை மட்டும் பலப்படுத்திவிட்டு ஷாக்கைப் பழையபடியே விட்டால், ஆட்டத்தை அடக்க அதனால் முடிவதில்லை.

கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற கார் பந்தயத் தளம் இருப்பதை வணிகப் பெருமக்கள் அறிவார்கள். பந்தயக் கார்களில் 'காயில்ஓவர்' என்று ஒன்றைப் பொருத்துவார்கள். சுருள் ஸ்பிரிங்கை ஷாக்கின் மேலேயே கோத்து, அடியிலுள்ள மரை வளையத்தைத் திருகி வண்டியின் உயரத்தை ஏற்றி இறக்கும் அமைப்பு அது. வளையத்தைத் திருகினால் உயரம்தான் மாறும், ஸ்பிரிங்கின் பலம் மாறாது. பலம் வேண்டுமானால் வேறு ஸ்பிரிங், அதற்கேற்ற ஷாக் என்று இரண்டையும் சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு முன் ஓட்டுநரை உட்கார வைத்து, நான்கு சக்கரத்துக்கும் அடியில் தனித்தனித் தராசு வைத்து நிறுப்பார்கள். தராசைப் பிடித்தே பிழைக்கிற நாம் மட்டும் நிறுக்காமல் பட்டை போடுகிறோம்!

நம் வண்டியை நிறுப்பது எளிது. ஆர்.சி. புத்தகத்தில் வெற்று வண்டி எடை, மொத்த எடை என்று இரண்டு எண்கள் இருக்கும். வெற்று எடையில் ஓட்டுநர் சேர்த்தி இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் 800 கிலோ என்று வைத்துக் கொள்வோம். ஓட்டுநரும் சுமையாளும் 130 கிலோ. மீதி 670 கிலோ. 26 கிலோ அரிசி மூட்டையில் 25-தான் ஏறும். நாமோ 30 ஏற்றுகிறோம். 110 கிலோ அதிகம். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான அடைத்த அரிசிப் பைகளுக்கு ஜி.எஸ்.டி. வந்தபின் பல ஆலைகள் 26 கிலோவுக்கு மாறின. மூட்டை எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு இந்த ஒரு கிலோ தெரியாது. 30 மூட்டைக்கு 30 கிலோ தானாகவே ஏறிவிட்டது. ஒருமுறை சரக்கோடு எடை மேடையில் ஏற்றிச் சீட்டு வாங்கிப் பாருங்கள், உண்மை தெரிந்துவிடும்.

அடுத்து பட்டைக் கணக்கு. ஒரே நீளம், ஒரே கனமுள்ள ஐந்து பட்டைக் கட்டில் அதே போல் இன்னொன்று சேர்த்தால் பலம் ஐந்தில் ஒரு பங்கு கூடும். கனத்தைக் கூட்டினால் கதையே வேறு. 8 மி.மீ. பட்டைக்குப் பதில் 10 மி.மீ. போட்டால் அந்தப் பட்டையின் விறைப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிவிடும். "கொஞ்சம் கனமாப் போட்டிருக்கேன்" என்று பட்டறைக்காரர் சொல்வதன் பொருள் இதுதான். இப்படி விறைத்த வண்டி வெறுமனே வரும்போது துள்ளும். துள்ளும் சக்கரம் தரையைப் பிடிக்காது. பாதிச் சரக்கோடு வந்தால் முட்டையும் கண்ணாடிப் பாட்டிலும் அடி வாங்கும்.

இனி என் கதை. இரண்டு கனத்த பட்டை சேர்த்தபின் முழுப் பாரத்திலும் என் வண்டி தாழவேயில்லை. எனக்கு மெத்தப் பெருமை. நான்காம் மாதம், அரிசி ஏற்றி வந்தபோது முன்னால் நின்ற பேருந்தில் மோதியது. ஓட்டுநர் தம்பிக்குக் கால் முறிந்து மூன்று மாதம் படுக்கை. பிரேக்கை அழுத்தியும் வண்டி நிற்கவில்லை என்றார். நான் நம்பவில்லை. பிரித்துப் பார்த்த மெக்கானிக்தான் காரணத்தைக் காட்டினார். பல சரக்கு வண்டிகளில் பின் அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவே கம்பி இணைத்த லோடு சென்சிங் வால்வு ஒன்று உண்டு. பாரத்தில் வண்டி தாழத் தாழ, அது பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும். என் வண்டிதான் தாழவில்லையே! வெற்று வண்டி என்றே அந்த வால்வு எண்ணி, பின் பிரேக்கைக் குறைத்தே வைத்திருந்தது. பட்டை போட்ட பட்டறையில் யாரும் அதைப் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. தம்பியின் வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருந்த அந்த மாலை இன்னும் மனதில் நிற்கிறது.

ஆகவே பட்டை தளர்ந்திருந்தால், அந்த மாடலுக்குத் தயாரிப்பாளர் குறித்த அளவிலேயே மாற்றுங்கள். பாரம் ஏறினால் மட்டும் தொடுகிற ஹெல்ப்பர் பட்டை உங்கள் மாடலுக்குக் கம்பெனியே தருவதாயிருந்தால் அதைக் கேட்டு வாங்கலாம். ஒரு பக்கம் மட்டும் மாற்றக் கூடாது. யு போல்ட் புதிதாகவே போட வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி முறுக்க வேண்டும். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டை, வண்டி சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். வேலைக்கு முன்பும் பின்பும், சமதரையில், சக்கர நடுவிலிருந்து பாடி வரை நான்கு மூலையிலும் டேப் வைத்து அளந்து எழுதி வையுங்கள். ஷாக்கில் எண்ணெய்க் கசிவு இருந்தால் ஜோடியாக மாற்றுங்கள். மேடுபள்ளச் சாலையில் ஓடி வந்ததும் ஷாக்கைத் தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருக்கும். ஒன்று மட்டும் சில்லென்று இருந்தால் அது வேலை செய்யவில்லை.

டயரையும் மறக்க வேண்டாம். பக்கவாட்டில் 88 என்ற பார எண் இருந்தால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், அவ்வளவுதான். எத்தனை பட்டை சேர்த்தாலும் அந்த எண் மாறாது. ஆர்.சி.யில் உள்ள எண்ணும் மாறாது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவில் அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் மேலும் 2,000. இறக்கும் கூலியும் நம் தலையில்தான்.

என் வண்டியில் இப்போது பழைய அசல் கட்டுதான் இருக்கிறது. அரிசி எடுக்கும் நாளில் இரண்டு நடை போகிறது. இரண்டாம் நடைக்கான டீசலைக் கொள்முதலில் சேர்த்துக் கணக்கெழுதினால் மூட்டைக்கு இரண்டு ரூபாய் சொச்சம் வருகிறது.