சுழற்கலப்பைக்கு ஏற்ற செலுத்துதண்டைத் தெரிதலும் பொருத்தலும்

வயலைச் சேறாக்கவும் தோட்ட மண்ணைப் பொடியாக்கவும் கமக்காரர் பலர் நான்கு சில்லு உழவு இயந்திரத்தின் பின்னே சுழற்கலப்பையைப் பூட்டி வேலை செய்கின்றனர். இயந்திரத்தின் வலுவைக் கலப்பைக்குக் கொண்டு செல்வது இவ்விரண்டிற்கும் இடையே சுழலும் செலுத்துதண்டாகும். 'பி.ரி.ஓ. சாப்ற்' என வழங்கப்படுவதும் இதுவே. பழைய கலப்பையொன்றை வாங்குவோர் அதன் கத்திகளையும் கியர்ப் பெட்டியையும் ஆராய்ந்து பார்ப்பர். தண்டையோ கூட வரும் பொருளாகவே கருதுவர். ஆனால் ஓர் இயந்திரத்திற்கென வெட்டப்பட்ட தண்டு மற்றோர் இயந்திரத்திற்கும் பொருந்துமென எண்ணுதல் கூடாது. பொருந்தாத தண்டு, நிலம் பதமாயிருக்கும் வேளையிலே வேலையை நிறுத்திவிடும். அருகில் நிற்பவரின் உயிருக்கும் கேடு விளைக்கும்.

தண்டின் அமைப்பு

செலுத்துதண்டு, ஒன்றினுள் ஒன்று நுழையும் இரு குழாய்களால் ஆனது. ஒவ்வொரு குழாயின் வெளி முனையிலும் இரு கவைகளும் அவற்றை இணைக்கும் சிலுவை வடிவான 'குறோஸ்' என்னும் துண்டும் உள்ளன. கலப்பையைத் தூக்கும்போதும் இறக்கும்போதும் இடைத்தூரம் மாறுவதால் குழாய்கள் நீண்டும் குறுகியும் இடங்கொடுக்கின்றன. கவை மூட்டுகள் சாய்வுக்கு இடங்கொடுக்கின்றன.

தெரியும் முறை

முதலில் உழவு இயந்திரத்தின் பின்புறத்தே நீண்டிருக்கும் வலு வெளியீட்டு முனையைப் பார்க்க. நிமிடத்திற்கு 540 சுற்று சுழலும் முனை பொதுவாக 1⅜ அங்குல (35 மி.மீ.) விட்டமும் 6 பற்களும் உடையது. அதே விட்டத்தில் 21 பற்கள் இருப்பின் அது 1000 சுற்றுக்கு உரியது. 540 சுற்றுக்கென அமைந்த கலப்பையை அதிற் பூட்டலாகாது.

அடுத்து, தண்டு இயந்திரத்தின் பரிவலுவுக்கு ஏற்றதா என விசாரிக்க. சிறிய இயந்திரத்திற்குரிய மெல்லிய தண்டு, ஆழச் சேற்றில் முறுக்குண்டு கெடும். பழைய தண்டாயின் ஒரு கவையை இறுகப் பிடித்து மற்றதை அசைத்துப் பார்க்க. ஆட்டம் காணின் குறோஸை மாற்றுதல் வேண்டும். புதிய குறோஸ் வாங்கச் செல்லுமுன் அதன் கிண்ணத்தின் விட்டத்தையும், எதிரெதிர்க் கிண்ணங்களின் வெளிமுகங்களுக்கு இடைப்பட்ட நீளத்தையும் அளந்து குறித்துக்கொள்க.

நீளத்தைச் சரிசெய்தல்

தண்டு மிக நீளமாயின், இரு முனைகளும் நெருங்கும்போது குழாய்கள் ஒன்றோடொன்று முட்டும். அப்பொழுது அவ்வழுத்தம் முழுவதும் இயந்திரத்தின் பெயாரிங்கையும் கலப்பையின் கியர்ப் பெட்டியையும் தாக்கும். பெட்டியில் எண்ணெய் கசிவதற்கு இதுவும் ஒரு காரணமாகும். மிகக் குட்டையாயின், குழாய்கள் கழன்று, ஓடும் பாதி தடிபோற் சுழன்று அடிக்கும். ஆகவே கீழ்க்காணும் முறையைக் கைக்கொள்க.

1. சமதரையில் கலப்பையைப் பூட்டுக. தண்டைப் பூட்டாது, கலப்பையை மெல்லத் தூக்கியும் இறக்கியும், இயந்திர முனையும் கலப்பை முனையும் மிக நெருங்கும் நிலையைக் காண்க. அந்நிலையில் கலப்பைக்குக் கட்டை முண்டுகொடுத்து, எஞ்சினை நிறுத்துக.

2. தண்டின் இரு பாதிகளையும் பிரித்து, ஒன்றை இயந்திரத்திலும் மற்றதைக் கலப்பையிலும் பூட்டி, இரண்டையும் பக்கத்திற் பக்கமாகப் பிடிக்க.

3. ஒரு குழாயின் முனைக்கும் மறு பாதியின் கவையடிக்கும் இடையே 1½ அங்குலம் (ஏறக்குறைய 40 மி.மீ.) வெளி இருக்குமாறு அடையாளமிடுக.

4. உட்குழாய், வெளிக்குழாய், அவற்றின் மேலுள்ள இரு பாதுகாப்பு உறைகள் ஆகிய நான்கிலும் ஒரே அளவை வெட்டுக. வெட்டிய விளிம்பை அரத்தால் தேய்த்து, துகள்களைத் துடைத்து, கிறீஸ் பூசுக.

5. மீண்டும் பூட்டி, தண்டு மிக நீளும் நிலையைச் சோதிக்க. அந்நிலையிலும் குழாய்கள் தம் நீளத்தில் மூன்றிலொரு பங்காவது ஒன்றினுள் ஒன்று நிற்றல் வேண்டும். நில்லாதாயின் நீண்ட தண்டொன்றை வாங்குக. துண்டு வைத்து ஒட்டுவது ஆபத்தாகும்.

இறுதியிற் பூட்டும்போது முனையிலுள்ள பூட்டு ஊசி பள்ளத்தில் விழுந்ததா எனப் பின்னோக்கி இழுத்துப் பார்க்கத் தவறலாகாது.

கவைகளும் சாய்வும்

சாய்ந்து நிற்கும் ஒற்றை மூட்டு சீராகச் சுழல்வதில்லை. 30 பாகைச் சாய்வில், 540 சுற்று வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை ஏறக்குறைய 468 வரை தாழ்ந்து 624 வரை உயரும். இவ்வேற்றத்தாழ்வை இரண்டாம் மூட்டு ஈடுசெய்யும். அதற்கு இரு நிபந்தனைகள் உண்டு. குழாய்களோடு சேர்ந்த இரு உட்கவைகளும் ஒரே தளத்தில் நேராக இருத்தல் வேண்டும். இரு மூட்டுகளின் சாய்வும் சமமாக இருத்தல் வேண்டும். எனவே தண்டைப் பிரிக்குமுன் இரு பாதிகளிலும் நேர்க்கோடு ஒன்று வரைந்துகொள்க. கலப்பையின் முனை இயந்திரத்தின் முனைக்கு இணையாக நிற்குமாறு மேல் இணைப்புக் கோலைத் திருகி அமைக்க.

வரம்பருகே திரும்புவதற்குக் கலப்பையை உயரத் தூக்கும்போது சாய்வு மிகும். 'கடகட' என்னும் ஓசையும் எழும். அவ்வோசை குறோஸ் தேய்வதை அறிவிக்கும் எச்சரிக்கையாகும். தூக்குமுன் வலு வெளியீட்டை நிறுத்துக. வேண்டிய அளவுக்கு மேல் தூக்கற்க.

வெட்டாணி

கல்லிலோ வேரிலோ கலப்பை சிக்கும்போது தான் முறிந்து மற்றவற்றைக் காக்கும் வெட்டாணி சில தண்டுகளில் உண்டு. அது கலப்பைப் பக்கத்தில் இருத்தல் வேண்டும். முறிந்த ஆணிக்குப் பதிலாக அகப்பட்ட உருக்குப் போல்ற்றைச் செருகினால், அடுத்த முறை முறிவது கியர்ப் பெட்டியின் பற்களாகும்.

பாதுகாப்பு உறை

நிமிடத்திற்கு 540 சுற்றென்பது வினாடிக்கு 9 சுற்றாகும். இரண்டு அங்குல விட்டமுள்ள தண்டு ஒரு வினாடியில் நாலரை அடிக்கு மேற்பட்ட துணியைச் சுற்றி இழுத்துவிடும். சாரமோ சேலைத்தலைப்போ சிக்கினால் கையை நீட்டி எஞ்சினை நிறுத்த நேரமிராது. ஆதலால் உறையின்றித் தண்டை ஓட்டலாகாது. உறை தண்டோடு சுழலாதவாறு அதன் சங்கிலிகளைக் கொளுவுதல் வேண்டும். ஓடும் தண்டைக் கடந்து கால் வைப்பதும், சிறுவரை அருகே விடுவதும் அறவே தவிர்க்கப்படல் வேண்டும்.

பராமரிப்பு

எட்டு மணிநேர வேலைக்கு ஒருமுறை குறோஸ்களுக்குக் கிறீஸ் இடுக. சேற்றுழவு முடிந்த அன்றே தண்டைக் கழுவி, பழைய கிறீஸ் வெளிவரும் வரை புதியதைச் செலுத்துக. குழாய்களைப் பிரித்துத் துடைத்து மெல்லியதாகக் கிறீஸ் பூசுக. துருவேறி இறுகிய குழாய், நீளம் சரியாயிருந்தும் மிக நீண்ட தண்டின் கேட்டையே விளைக்கும்.

சொந்த இயந்திரம் இல்லாது கூலிக்கு உழுவிப்போரும், இயந்திரம் வயலில் இறங்குமுன் தண்டையும் உறையையும் ஒருமுறை நோக்குதல் வேண்டும். அளப்பதற்குச் செல்லும் அரைமணி நேரம், போகத்தின் நடுவே இழக்கும் பல நாட்களை மீட்டுத் தரும்.