மூலநிரலும் பதிப்பெண்ணும்

நூலொன்று மறுபதிப்புக் காணும்போது ‘திருத்திய பதிப்பு’ என முகப்பில் குறிப்பது பதிப்பாசிரியர் கடமை. கணினி மென்பொருளின் மூல எழுத்தாகிய நிரலுக்கும் இக்கடமை உண்டு. அங்கே அதனை ஆற்றுவது பதிப்பெண்.

2.4.1 என்னும் எண்ணைக் காண்போம். பரவலாகப் பின்பற்றப்படும் முறையின்படி, பிழை மட்டும் திருத்தப்பெறின் அது 2.4.2 ஆகும். பழைய பயன்பாடு கெடாமல் புதிய வசதி சேரின் 2.5.0 ஆகும். பழையவற்றோடு பொருந்தாத மாற்றம் நேரின் 3.0.0 ஆகும். எனவே, பதிப்பெண் வெறும் அடையாளமன்று. நிரலை ஆக்கியோர் அதனைப் பயன்படுத்துவோர்க்கு அளிக்கும் வாக்குறுதி. வெளியிட்ட நிரலை அதே எண்ணின்கீழ் ஓசையின்றி மாற்றுவது அவ்வாக்கைப் பொய்ப்பதாகும்.

இனி, நிரலைக் காக்கும் இடம் யாது? 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய ‘கிட்’ என்னும் மென்பொருள், பதியப்பெறும் ஒவ்வொரு மாற்றத்தையும் செய்தவர் பெயருடனும் நாளுடனும் காக்கிறது. அத்தகைய நிரற் களஞ்சியங்களை இணையத்தில் வைத்துப் பேணும் ‘கிட்ஹப்’ 2008இல் தொடங்கியது. ஆயினும் இணைய இருப்பிடம் என்றும் நிலைப்பதன்று. 2006இல் தொடங்கிய ‘கூகுள் கோடு’ 2016இல் மூடப்பட்டது. அங்கிருந்த பணிகள் வேறிடம் பெயர நேர்ந்தது.

கிட் முறையில் முழுப்படி எடுத்த ஒவ்வொருவரிடமும் அதுவரையிலான வரலாறு முழுவதும் இருக்கும். ஓரிடத்தில் அழிந்தது மற்றோரிடத்தில் வாழும். ஆதலின் நிரல் பயிலும் மாணவர் இரண்டினை மனங்கொள்க: எண்ணை நேர்மையுடன் இடுக, படியொன்றைத் தம்மிடத்தும் வைத்துப் பேணுக.