பிறவாத தலைமுறையின் பங்கு

சங்கத்தில் ஆண்டுக் கணக்கை முடித்து இலாபம் காணுங்கால், அதனை முழுவதும் நாமே பங்கிட்டுக் கொள்வதில்லை. ஒரு பகுதியைச் சேமநிதியில் சேர்த்த பின்னரே பங்கு ஈவு வழங்குகிறோம். நாளை வரப்போகும் அங்கத்தினருக்கும் சங்கத்தில் பாத்தியதை உண்டு என்பதே இதன் கருத்து. காடும் ஆறும் நிலத்தடி நீரும் நாட்டின் சேமநிதியாகும். அதனைக் கரைத்துவிடலாகாது என்று கேட்க இளையோருக்கு உரிமை உண்டா? பிலிப்பைன்ஸ் நாட்டில் எழுந்த வழக்கு ஒன்று இதற்கு விடை பகர்கிறது. அதனையே இம்மாதப் பாடமாகக் கொள்வோம்.

வழக்கின் வரலாறு

1990-ஆம் ஆண்டில் சிறுவர் சிறுமியர் பலர், தம் பெற்றோர் வாயிலாக, மக்காத்தி நகர நீதிமன்றத்தில் அந்நாட்டு இயற்கை வளத் துறையின் தலைவர்மீது வழக்குத் தொடுத்தனர். வழக்கறிஞர் அந்தோனியோ ஒப்போசா அதனை முன்னின்று நடத்தினார். மரம் வெட்டும் உரிமங்களை ரத்து செய்ய வேண்டும், புதியன வழங்கலாகாது என்பன கோரிக்கைகள்.

அவர்கள் காட்டிய கணக்கை நாம் ஊன்றி நோக்க வேண்டும். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் 160 இலட்சம் ஹெக்டேர் மழைக்காடு இருந்தது. 1987-ஆம் ஆண்டுப் படங்களின்படி எஞ்சியது 12 இலட்சமே. வெட்டுவதற்கு உரிமம் அளிக்கப்பட்டிருந்த பரப்போ 38.9 இலட்சம் ஹெக்டேர். இருப்பைவிடப் பற்று மும்மடங்குக்கு மேற்படுமாயின் எந்தச் சங்கம் நிலைக்கும்?

கீழ் நீதிமன்றம் 1991-இல் வழக்கைத் தள்ளிவிட்டது. ஆனால் 1993 ஜூலை 30-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், இச்சிறுவர்கள் தமக்காக மட்டுமன்றி, இனிப் பிறக்கப்போகும் சந்ததியாருக்காகவும் வழக்காடலாம் என்று தீர்ப்பளித்தது. மரம் வெட்டும் உரிமம் அசைக்கவொண்ணாத ஒப்பந்தமன்று. பொது நலன் கருதி அரசு அதனைத் திரும்பப் பெறலாம் என்றும் கூறிற்று.

இத்தீர்ப்பினால் உரிமங்கள் தாமாகவே ரத்தாகிவிடவில்லை. வழக்கை விசாரிக்கலாம் என்பதே முடிவு. ஆயினும் அன்று திறந்த கதவு மூடவில்லை. பிறவாத தலைமுறையினர் சார்பிலும் குடிமக்கள் வழக்காடலாம் என்பதை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2010-இல் விதியாகவே வகுத்தது.

நமக்குரிய படிப்பினை

நெசவாளருக்குச் சாயமிட நீர் வேண்டும். உழவருக்குப் பாசனத்திற்கும் அதே நீர் வேண்டும். நொய்யல் பாசனத்தார் நடத்திய வழக்கின் தொடர்ச்சியாக, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. வயல் கெட்ட பின் தொழிலும் நின்றது. இரு தரப்பாரும் காலத்தே கூடிப் பேசும் இடம் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

அவ்விடம் கிராம சபை. ஊர் வாக்காளர் பட்டியலில் உள்ள அனைவரும் அதன் அங்கத்தினர். வாக்குரிமை வயது 1989-இல் 21-லிருந்து 18-ஆகக் குறைக்கப்பட்டமையால், நம் இளைஞரும் இளம் பெண்டிரும் அங்கே முழு உரிமையுடன் பேசலாம். வெறும் முறையீடு பயன் தராது. பிலிப்பைன்ஸ் சிறுவரைப் போலக் கணக்கோடு செல்ல வேண்டும். கிணற்று நீர்மட்டத்தை மாதந்தோறும் அளந்து குறித்து வைப்பதே முதற்படியாகும்.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. நமது சாயக் கழிவு நீர் எங்குச் சென்று சேர்கிறது?

2. கடந்த கிராம சபைக்கு நம் இல்லத்து இளையோர் எத்தனை பேர் சென்றனர்?

3. நம் ஊர் நீரில் அடுத்த தலைமுறைக்கென நாம் மீதி வைப்பது எவ்வளவு?