கடைச் சுவரின் அடக்க விலை



ஒரு மூட்டை துவரம் பருப்பு வாங்கினால், கொள்முதல் விலையோடு லாரி வாடகை, இறக்குக் கூலி, சேதாரம் எல்லாம் சேர்த்துத்தான் நாம் அடக்க விலை போடுகிறோம். கடை கட்டும்போது மட்டும் "கல் என்ன விலை?" என்று கேட்டதோடு நிறுத்திக் கொள்கிறோம். நானும் அப்படித்தான் ஏமாந்தேன்.

கட்டபெட்டில் கிட்டங்கி கட்டியபோது சிமெண்ட் கல் மலிவு என்று வைத்தேன். வெளிப்பூச்சைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். ஐப்பசி மழையில் கிழக்குச் சுவர் ஓதம் கண்டு, அதை ஒட்டி அடுக்கியிருந்த சர்க்கரை மூட்டைகள் கசிந்து போயின. பூச்சில் மிச்சம் பிடித்த பணம் அந்த ஒரே மழையில் போயிற்று. குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழைதான் பலமானது என்பதை நான் மறந்ததே காரணம்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். ஒரு சதுரம், அதாவது 100 சதுர அடிச் சுவர் என்று வைத்துக் கொள்வோம். விலைகள் உதாரணத்துக்கு மட்டுமே. உங்கள் ஊர் விலையைப் போட்டுக் கொள்ளவும்.

செங்கல், 9 அங்குலச் சுவர்: சுமார் 900 கல். மலைப்பாதையில் உடைவது நூற்றுக்கு 5 என்றால் 950 வாங்க வேண்டும். சூளை விலை ரூ.9, வாடகை ரூ.3, இறக்குக் கூலி ரூ.1, ஆக ரூ.13 வீதம் ரூ.12,350. கட்டுக் கூலியும் கலவையும் ரூ.6,000. வெளிப்பூச்சு ரூ.5,000. மொத்தம் ரூ.23,350.

சிமெண்ட் கல், 16-க்கு 8, கனம் 6 அங்குலம்: சேதாரத்தோடு 115 கல். ரூ.55 வீதம் ரூ.6,325. கூலியும் கலவையும் ரூ.3,000. பூச்சு ரூ.5,000. மொத்தம் ரூ.14,325.

ஆகவே பூச்சைச் சேர்த்தாலும் சிமெண்ட் கல்லே மலிவு. என் தவறு கல்லில் இல்லை, பூச்சை விட்டதில்தான். பூசாமல் அழகுக்கு விடும் ஒயர்கட் செங்கல்லுக்குப் பூச்சுச் செலவு மிச்சம். ஆனால் கல் விலை கூடும், இணைப்புகளை நன்றாக அடைக்க வேண்டும். அனல் மின் நிலையச் சாம்பலில் செய்யும் கல் ஒரே அளவாக இருப்பதால் பூச்சுக் கலவை குறையும்.

கவனிக்க வேண்டியவை:

1. கோவை தடாகம் பள்ளத்தாக்கில் 2021-இல் சூளைகள் மூடப்பட்டன. கல் எந்த ஊரிலிருந்து வருகிறது என்று கேட்டு, அந்தத் தூரத்துக்கு வாடகை பேசுங்கள்.

2. சொந்தக் கடை கட்ட வாங்கும் கல்லுக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யை நம் விற்பனை வரியில் கழிக்க முடியாது. வரியும் அடக்கத்தில் சேரும்.

3. தராசு நம்மிடமே இருக்கிறது. நன்கு காய்ந்த ஐந்து செங்கல்லை எடை போட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் ஊற வைத்து, துடைத்து மறுபடி எடை போடுங்கள். சாதாரணச் செங்கல் சராசரியாக நூற்றுக்கு 20-க்கு மேல் எடை கூடக் கூடாது என்பது இந்தியத் தர விதி. 3 கிலோ கல் 3 கிலோ 600-ஐத் தாண்டினால் அந்த லோடு வேண்டாம்.

4. எந்தச் சுவரானாலும் மூட்டைகளைப் பலகை மேல், சுவரை விட்டு ஒன்றரை அடி தள்ளி அடுக்குங்கள்.

பருப்பைக் கையில் அள்ளிப் பார்க்காமல் வாங்க மாட்டோம். கல்லையும் அப்படியே வாங்குவோம்.