முகவாதம்: ஆசிரியர் அறிய வேண்டியவை

காலையில் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஒரு பக்கமாக வழிகிறது. கண்ணாடியில் பார்த்தால் வாய் கோணியிருக்கிறது. ஒரு கண் மூடவில்லை. 'காற்று அடித்துவிட்டது' என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். மருத்துவம் இதை 'பெல்ஸ் பால்சி' என்கிறது. முக நரம்பைப் பற்றி 1821இல் விளக்கிய சர் சார்லஸ் பெல்லின் பெயரே நோய்க்கு வந்தது.

பத்தாம் வகுப்பில் நாம் கற்பிக்கும் 12 இணை மூளை நரம்புகளில் ஏழாவது இணை, முக நரம்பு. காதின் பின்புறம் குறுகிய எலும்புக் குழாய் வழியாக அது வருகிறது. பெரும்பாலும் வைரஸ் காரணமாக நரம்பு வீங்கி, அந்தக் குழாயில் நெருக்குண்டு செயலிழப்பதாகக் கருதப்படுகிறது.

முதலில் செய்ய வேண்டியது

பக்கவாதத்திலும் வாய் கோணும். ஆனால் அதில் பொதுவாக நெற்றியைச் சுருக்க முடியும். முகவாதத்தில் அந்தப் பக்க நெற்றியும் அசையாது. இந்த வேறுபாட்டை மருத்துவரே உறுதிசெய்ய வேண்டும். திடீரென முகம் கோணினால் தாமதிக்காமல் மருத்துவமனை செல்க. கை கால் தளர்ச்சியோ பேச்சுக் குளறலோ சேர்ந்திருந்தால் உடனே 108ஐ அழைக்கவும். முகவாதம் எனில், பெரியவர்களுக்கு 72 மணி நேரத்துக்குள் தொடங்கும் ஸ்டீராய்டு சிகிச்சை நல்ல பலன் தரும். பெரும்பாலோர் சில வாரங்கள் முதல் சில மாதங்களுக்குள் குணமடைகின்றனர்.

கண்ணும் குரலும்

மூடாத கண் உலர்ந்து கருவிழி புண்ணாகலாம். கோவில்பதாகையிலிருந்து ஆவடிக்கு இருசக்கர வாகனத்தில் செல்லும் ஆசிரியர் கண்ணாடி அணிவது அவசியம். மருத்துவர் தரும் சொட்டு மருந்தைப் பகலில் இடுக. இரவில் அவர் காட்டும் முறையில் இமையை மூடி ஒட்டிக்கொள்க. சுண்ணக்கட்டித் தூள் கண்ணில் படாமல் கரும்பலகையை ஈரத்துணியால் துடைக்கலாம்.

ப, ம ஆகியவை இரு இதழும் பொருந்திப் பிறப்பவை. உ, ஒ இதழ் குவிந்து பிறப்பவை. இவை சில நாள் குழறும். அக்காலத்தில் உரத்து வாசிக்கும் பணியை மாணவர்களிடம் கொடுக்கலாம்.

மாணவருக்கு வந்தால்

சிறுவருக்கும் இந்நோய் வரும். 'கோணவாய்' என்ற ஒரு சொல் போதும், குழந்தை பள்ளிக்கு வர மறுக்க. அவர் திரும்பி வருமுன், பெற்றோரின் ஒப்புதலுடன் வகுப்பில் இரண்டு நிமிடம் பேசுங்கள்: இது தொற்றாது, சாபமன்று, நரம்பின் வீக்கம்.

கனடாவின் ழான் கிரெத்தியேனுக்கு இளமையில் வந்த முகவாதத்தால் வாய் ஒரு பக்கம் கோணியே நின்றது. 1993 தேர்தலில் ஆளுங்கட்சி விளம்பரம் அவர் முகத்தைக் காட்டிப் பரிகசித்தது. மக்கள் கொதித்தனர், விளம்பரம் திரும்பப் பெறப்பட்டது. அவர் வென்று பத்தாண்டு பிரதமராக இருந்தார். கேலியை ஒரு நாடே மறுத்த இந்நிகழ்வை வகுப்பில் சொல்லலாம்.