விட்டும் விடாத தளம்

கணிப்பொறியின் உறுப்புகளை ஏவி வேலை வாங்கும் மூல நிரலை இயங்குதளம் என்பர். மேசைக் கணிப்பொறிகளுள் பெரும்பாலானவற்றை ஆள்வது மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் ஆகும். 1985-ஆம் ஆண்டில் வெளிவந்த அதனைக் குறைகூறாதார் அரியர். பணியின் நடுவே அது தன்னைப் புதுப்பித்துக்கொள்ளத் தொடங்கிக் காத்திருக்கச் செய்யும். 2012-இல் வந்த எட்டாம் பதிப்பிலோ, யாவரும் பழகியிருந்த தொடக்கப் பொத்தானையே காணோம்! எதிர்ப்பு மிகவே, மறு ஆண்டில் அது திரும்ப வந்தது. லினக்ஸ் என்னும் தளம் விலையின்றிக் கிடைக்கவும், மக்கள் விண்டோஸை விட்டு நீங்காமைக்குக் காரணம் யாது? சோம்பல் என்பார் கூற்று முழுதும் பொருந்தாது.

ஜெர்மனியின் மியூனிக் நகர மன்றம் 2003-ஆம் ஆண்டில் லினக்ஸுக்கு மாறத் துணிந்தது. மைக்ரோசாப்ட் தலைமை அலுவலர் ஸ்டீவ் பால்மர் தாமே சென்று நகரத் தலைவரைக் கண்டு பேசியும் மன்றம் இசைந்திலது. ஆயினும், துணிந்தது எளிதாயிற்று, செய்தது அரிதாயிற்று. ஒவ்வோர் அலுவலகமும் கடிதங்களுக்கும் படிவங்களுக்கும் தனித்தனி மாதிரிகளை வைத்திருந்தது. ஆயிரக்கணக்கான அம்மாதிரிகளை எல்லாம் புதிதாக அமைக்க வேண்டியதாயிற்று. விண்டோஸில் மட்டுமே இயங்கும் தனி நிரல்களுக்காகச் சில கணிப்பொறிகளை மாற்றாமலே விட்டனர். 2013-இன் இறுதிக்குள் ஏறத்தாழ 15,000 கணிப்பொறிகள் மாறின.

தன் வீட்டை மாற்றினான் ஒருவன். ஊரார் வீட்டை மாற்ற வல்லனோ? வெளி அலுவலகங்களிலிருந்து வந்த ஆவணங்கள் வடிவம் குலைந்து தோன்றின. ஊழியர் முறையிட்டனர். 2014-இல் பொறுப்பேற்ற புதிய நகரத் தலைவரும் இம்மாற்றத்தைக் குறைகூறினார். குறைகள் பலவற்றுக்கு நகராட்சியின் நிருவாக அமைப்பே காரணம் என ஆராய்ந்தோர் கூறியும், 2017-ஆம் ஆண்டு நவம்பரில் மன்றம் விண்டோஸுக்கே மீளத் தீர்மானித்தது.

நிரல் இயற்றுவோர் பயனர் மிக்க தளத்துக்கே முதற்கண் இயற்றுவர். பயனரும் நிரல் மிக்க தளத்தையே நாடுவர். நம் நாட்டுக் கடைகளில் கணக்கெழுத உதவும் டாலி நிரலும் விண்டோஸுக்கென அமைந்ததே. அக்கடைக்காரர் தளத்தை மாற்றின், பல்லாண்டுக் கணக்கும், கணக்கர் கற்ற பழக்கமும், தணிக்கையாளரோடு கொள்ளும் தொடர்பும் உடன் மாறவேண்டும். அத்துணைச் சுமையை ஏற்பதினும், அவ்வப்போது நேரும் எரிச்சலைப் பொறுத்துக்கொள்வது அவருக்கு எளிது. அவர் செய்வது கணக்கே, அன்பன்று.

மியூனிக் நகரில் 2020-இல் அமைந்த புதிய கூட்டணியினர், திறந்த மூல நிரல்களுக்கே முதலிடம் தருவதென மீண்டும் உடன்பட்டனர். ஆயினும், தொழில்நுட்பமும் பொருள்நிலையும் இடந்தரும் அளவில் என்று ஒரு வரையறையைச் சேர்த்துக்கொண்டனர்.