சர்க்காருடன் ஒப்பந்தம் செய்யும் முறை

சர்க்காருக்குத் தானியமும் விதையும் விற்போரும், கிடங்குகள் கட்டிக்கொடுப்போரும், அவ்வேலைகளை நடத்திவைக்கும் விவசாய உத்தியோகஸ்தர்களும், சட்டம் பயிலாதவராயினும், ஒரு விஷயத்தை அவசியம் அறிந்திருத்தல் வேண்டும். அது யாதெனில், உத்தியோகஸ்தர் ஒருவரின் வாய்ச்சொல் மாத்திரம் சர்க்காரைக் கட்டுப்படுத்தாது என்பதே.

தனிப்பட்ட இருவர் தம்முள் செய்துகொள்ளும் ஒப்பந்தம், 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, பெரும்பாலும் வாய்மொழியாக இருப்பினும் செல்லும். சர்க்கார் ஒப்பந்தமோ அத்தகையதன்று. பொதுப்பணத்தைக் காக்கும் பொருட்டு, இந்திய அரசியலமைப்பின் 299ஆவது ஷரத்து மூன்று நிபந்தனைகளை விதிக்கிறது.

1. ஒப்பந்தம் ஜனாதிபதியின் பெயரால் அல்லது கவர்னரின் பெயரால் செய்யப்படுவதாக அதில் வெளிப்படையாகக் கூறப்பட்டிருக்க வேண்டும்.
2. அவர் சார்பாக அது நிறைவேற்றப்பட வேண்டும்.
3. அதற்கென அதிகாரம் பெற்றவரே, விதித்த முறைப்படி, அதனை நிறைவேற்ற வேண்டும்.

இவற்றுள் ஒன்று குறையினும் ஒப்பந்தம் செல்லாது. எனினும் தனிப் பத்திரம் இருந்தே தீரவேண்டுமென்பதில்லை. இந்நிபந்தனைகளுக்கு இணங்கிய டெண்டரும் அதனை ஏற்கும் கடிதமுமே போதுமென்று உச்ச நீதிமன்றம் 1963இல் தீர்ப்பளித்தது.

1935ஆம் வருஷத்து இந்திய சர்க்கார் சட்டத்தின் 175ஆவது பிரிவிலும் இத்தகைய விதியே இருந்தது. அக்காலத்து வழக்குகள் இரண்டு இதனை நன்கு விளக்கும்.

1943இல் வியாபாரி ஒருவர் கிழக்கிந்திய ரயில்வேக்குத் தானியம் அனுப்ப ஆர்டர் பெற்றார். ரயில்வேயார் ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டு, எஞ்சியதை மறுத்துவிட்டனர். அவர் அதனை ஏலத்தில் விற்று, நஷ்டத்தைக் கோரினார். ஆர்டர்கள் கவர்னர் ஜெனரலின் பெயரால் செய்யப்படாமையால், ஒப்பந்தமே இல்லையென்று 1961இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. நஷ்டம் அவருடையதாயிற்று.

1944இல் வங்காளத்தின் ஆராம்பாக்கில், சிவில் சப்ளை இலாகாவின் உத்தியோகஸ்தர் கேட்டுக்கொண்டபடி, கம்பெனி ஒன்று கிடங்குகள் முதலியன கட்டிக்கொடுத்தது. அங்கும் முறையான ஒப்பந்தமில்லை. ஆயினும் சர்க்கார் அக்கட்டடங்களை ஏற்று உபயோகித்தமையால், ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆவது பிரிவுப்படி ஈடு கொடுக்கவேண்டுமென்று அதே 1961இல் அதே நீதிமன்றம் கூறியது.

இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமையைக் கவனிக்கவேண்டும். இனாமாக அன்றிச் சட்டப்படி செய்த வேலையின் பயனைச் சர்க்கார் ஏற்று அனுபவித்திருந்தால் மாத்திரமே 70ஆவது பிரிவு உதவும். அப்போதும் கிடைப்பது நியாயமான ஈடேயன்றி, பேசிய லாபமன்று. ஏற்காத சரக்கிற்கு அப்பிரிவு துணைசெய்யாது.

ஆதலின், சரக்கு வண்டியேறுமுன், அல்லது அஸ்திவாரம் தோண்டுமுன், கையெழுத்திடுபவருக்கு அத்தொகைவரை அதிகாரம் உண்டா என்பதை விசாரித்தறிக. ஒப்பந்தத்தில் ஜனாதிபதியின் அல்லது கவர்னரின் பெயர் உளதா என்று பார்க்க. இடையில் வேலை கூடினால், அதற்கும் எழுத்துமூலமான உத்தரவு பெறுக. உத்தியோகஸ்தர்களும், அவசரங் கருதி, தமக்கில்லாத அதிகாரத்தை வாய்ச்சொல்லால் வழங்காதிருத்தல் நலம். அவர் சொல்லை நம்பிய எளியவரே முடிவில் நஷ்டமடைவர்.